மலைக்குள் போன விமானம்

எங்கள் வீட்டின் கடைசி அறைக்குள் என் மனைவி இன்னும் தனியாகப் போவதில்லை. நான் போகிறேன், ஆனால் கதவைத் திறந்தே வைத்துக்கொள்கிறேன். பயப்படும்படி அங்கே ஒன்றும் கிடையாது. மூன்று பழைய கணினிகள், மூன்று திரைகள், சுவரோரமாக ஓடும் நீலக் கேபிள்கள், பட்டர்வொர்த்தில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடையில் வாங்கிய கார் இருக்கை ஒன்று, அதன் பக்கத்தில் எனக்கான பிளாஸ்டிக் நாற்காலி. வீட்டிலிருந்தபடியே கணினித் திரையில் விமானம் ஓட்டிப் பழக, நானும் மகளும் சேர்ந்து கட்டியது.

நான் பினாங்குத் தீவில், பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். எது எப்போது பழுதாகும் என்று யோசிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவன். அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிடும். அடுப்பை அணைத்தேனா என்று லிப்ட் வரை போய்விட்டுத் திரும்பி வருவேன். ஐம்பதை நெருங்கும் வரை நான் விமானத்தில் ஏறியதே இல்லை. கோலாலம்பூரில் கல்யாணம் என்றால் எனக்குப் பஸ்தான். மனைவியும் மகளும் விமானத்தில் போய் இறங்கி, மண்டபத்தில் எனக்கு இடம்பிடித்து வைத்திருப்பார்கள்.

அப்படிப்பட்டவனுடைய மகள் விமானி ஆகப்போகிறேன் என்று சொன்னாள். மலேசியாவில் விமானம் என்ற பேச்சு வந்தாலே எல்லோர் மனத்திலும் ஒரே விஷயம் வந்து போகும், திரும்பி வராமல் போன ஒன்று. யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, வீட்டிலேயே ஒரு விமானம் கட்டலாமா என்று அவளிடம் கேட்டேன். வீட்டில் பறந்து பறந்து அவளுக்குச் சலித்துவிடும் என்பது என் கணக்கு.

"பசிக்குதுன்னு வந்த பிள்ளைக்கு மெனு கார்டை நீட்டுறீங்க," என்றாள் என் மனைவி. அவள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. என்னை எடைபோட அவளுக்கு அதிக நேரம் ஆகாது.

ஒரே கணினியில் மூன்று திரைகளையும் ஓட்டிப் பார்த்தபோது படம் திக்கித் திக்கி வந்தது. அதனால் ஆபீசில் ஒதுக்கிப் போட்டிருந்த கணினிகளைக் கேட்டு வாங்கி வந்து ஒன்றோடொன்று இணைத்தேன். ஒன்று தலை. மற்றவை கண்கள். விமானத்தை ஓட்டுவது தலைதான். வேகம், காற்று, உயரம், எதன் மீதாவது மோதிவிட்டோமா என்பது வரை எல்லாம் அதன் கணக்கு. நான் இங்கே இருக்கிறேன், இவ்வளவு சாய்ந்திருக்கிறேன் என்று அது கேபிள் வழியாக ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். கண்களுக்கென்று சொந்த புத்தி கிடையாது. தலை சொன்ன இடத்தில் நின்று, தன் பக்கம் தெரிவதைக் காட்டும். நடுத்திரை முன்கண்ணாடி, சுவரோரம் இடது ஜன்னல், துணி அலமாரியை ஒட்டி வலது ஜன்னல்.

முதல் நாள் எல்லாம் சரியாக ஓடியது. முன்கண்ணாடியில் பட்டப்பகல், கீழே பினாங்குப் பாலம், பளபளவென்று கடல். மகள் தலையைத் திருப்பி இடது ஜன்னலைப் பார்த்தவள் அப்படியே இருந்துவிட்டாள். அங்கே இருட்டு. அதே பாலம், அதே கடல், விளக்குகள் எரிகின்றன. ஒரே விமானத்தின் முன்னால் பகல், பக்கவாட்டில் இரவு. தேநீர் கொண்டுவந்த என் மனைவி கதவருகில் நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். தேநீரைத் தரையிலேயே வைத்துவிட்டு, "இதை மூடுங்க மொதல்ல," என்றாள். இடது ஜன்னல் கணினியின் கடிகாரம் வேறொரு நாட்டு நேரத்தில் இருந்திருக்கிறது, மாற்றியதும் சரியாகிவிட்டது. மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த இடது பக்கத்து இருட்டு எனக்குள் எங்கேயோ தங்கிவிட்டது.

என் கணக்கு பொய்த்தது. மெனு கார்டைப் பார்த்துப் பார்த்துப் பசி கூடியதுதான் மிச்சம். அவள் கிழக்குக் கரையில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள். விடுதியில் ஓர் அறை. ஈப்போவிலிருந்து வந்த ஒரு தமிழ்ப்பெண் அறைத்தோழி.

அவள் போன பிறகு வீடு சத்தமில்லாமல் போய்விட்டது. தொலைபேசியில் பேசினால் நான் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பேன், அவள் சாப்பிட்டேன் என்பாள், அதோடு முடிந்துவிடும். ஒருநாள் அவளாகவே ஒரு யோசனை சொன்னாள். விடுதியில் இருக்கும் தன் மடிக்கணினி தலையாக இருக்கட்டும். வீட்டில் இருக்கும் மூன்றும் கண்களாக இருக்கட்டும். இணையம் வழியாக இரண்டையும் சேர்த்துவிட முடியாதா என்று கேட்டாள். ஆபீசில் நான் தினமும் செய்கிற வேலை அது. செய்து கொடுத்தேன்.

அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் அங்கே விமானத்தை எழுப்புவாள். இங்கே நான் பிளாஸ்டிக் நாற்காலியில் பயணியாக உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் கார் இருக்கை காலியாக இருக்கும். பேச்சு கிடையாது. எப்போதும் ஒரே பாதைதான். பாயான் லெப்பாஸ் ஓடுதளத்திலிருந்து வடக்கே கிளம்புவாள். ஏறியதும் இடது ஜன்னலில் எங்கள் அடுக்குமாடி வரும். உண்மையில் அது எங்கள் கட்டடம் இல்லை. அந்த இடத்தில் கணினி வைத்த ஏதோ ஒரு வெள்ளைப் பெட்டி. அதையே எங்கள் வீடு என்று வைத்துக்கொண்டோம். அதன் மேல் வரும்போது இடது இறக்கையை ஒருமுறை தாழ்த்துவாள். அந்த ஒரு கணத்துக்காக மட்டும் என் மனைவி அறைக்கு வந்து பார்த்துவிட்டு, தாள் திருத்தப் போய்விடுவாள். பிறகு பாலம், பிறகு ஜார்ஜ் டவுன். நகரத்தின் மேல் இடப்பக்கம் திரும்பினால், முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலை. திரையில் கோயிலெல்லாம் கிடையாது, வெறும் பச்சை மேடுதான். இருந்தாலும் அது வரும்போது நான் கும்பிட்டுக்கொள்வேன். நான் கும்பிடுவது அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். ஒருநாள், "கும்பிட்டாச்சா, மேல ஏறவா?" என்று தகவல் அனுப்பினாள். அதன் பிறகு அவள் மலையைத் தாண்ட உயரம் எடுப்பாள். வடக்குக் கடற்கரை, மேற்குப் பக்கம், திரும்ப ஓடுதளம்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், அவளுடைய விடுதி இணையம் அவ்வப்போது அறுந்துவிடும். தலையிடமிருந்து சேதி நின்றால் கண்கள் உறைந்துபோகும். கடலுக்கு மேல், நடுவானத்தில், மூன்று ஜன்னல்களும் அப்படியே நிற்கும். அது வெறும் இணைப்புக் கோளாறு என்று என் தலைக்குத் தெரியும். கை அதற்குள் தொலைபேசியை எடுத்துவிடும். ஒருமுறை அவள் எடுக்கவில்லை என்று நான் விடுதி வார்டனையே அழைத்துவிட்டேன். அவள் கீழே சாப்பாட்டுக் கூடத்தில் இருந்திருக்கிறாள். எல்லோர் முன்னாலும் வார்டன் வந்து, வீட்டுக்குப் பேசு, உன் அப்பா பதறுகிறார் என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அவளோடு படிக்கும் பையன்கள் என்னைக் கண்ட்ரோல் டவர் என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். பறக்கப் போகும் முன், "டவர்கிட்ட கேட்டாச்சா?" என்று அவளைக் கிண்டல் பண்ணுவார்களாம்.

அவள் அழுதுவிட்டாள். இனி வார்டனை அழைக்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். அடுத்த விடுமுறையில் வந்தபோது அந்த மூன்று கணினிகளின் முன்னால் உட்கார்ந்து ஒரு மாற்றம் செய்தாள். சேதி நின்றால் உறைய வேண்டாம். கடைசியாக எந்த வேகத்தில், எந்தச் சாய்வில் போய்க்கொண்டிருந்ததோ அதையே தொடர்ந்து காட்டு. இணைப்பு சில நொடிகளில் திரும்பிவிடும்; இடையில் அறுந்ததே அப்பாவுக்குத் தெரியாது. நான் பக்கத்தில் நின்று எந்த எண்ணை எங்கே மாற்ற வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். எத்தனை நொடிக்குப் பிறகு நிறுத்த வேண்டும் என்று கேட்கும் இடத்தில் அவள் ஒன்றும் போடாமல் விட்டாள்.

"இனிமே லைன் போனாலும் அது பாட்டுக்குப் பறக்கும்பா. நான் இல்லாட்டிக்கூட பறக்கும். சந்தோஷமா?"

சந்தோஷமாகத்தான் இருந்தது. பல ஞாயிற்றுக்கிழமைகள் எதுவும் உறையவில்லை. நானும் யாரையும் அழைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் கொளுத்தியது. மலைப்பக்கம் மட்டும் கறுத்துக்கொண்டு வந்தது. வழக்கம்போல ஜன்னல்கள் உயிர்பெற்றன. ஆனால் ஓடுதளத்தில் விமானம் நேராக ஓடவில்லை. வலதும் இடதுமாக அலைந்து எழும்பியது. ஏறும்போதும் அடிவானம் ஆடிக்கொண்டே இருந்தது. வெள்ளைப் பெட்டியின் மேல் இறக்கையைத் தாழ்த்தியவள் அளவுக்கு மேலே தாழ்த்திவிட்டு, தடுமாறி நிமிர்ந்தாள்.

"என்னது, குடிச்சிட்டு ஓட்டுறவன் மாதிரி ஓட்டுறா?" என்றாள் மனைவி. அவளுக்குத் தெரிந்தது. தூக்கக் கலக்கமாக இருக்கும் என்றேன் நான். முந்தின நாள் தொலைபேசியில் குரல் கம்மியிருந்தது. ஏர்கோன் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லியிருந்தாள்.

பாலம் வந்தது. ஜார்ஜ் டவுன் வந்தது. விமானம் இடப்பக்கம் சாயத் தொடங்கியபோது, மழை வரப்போகிறது, துணியை எடுங்கள் என்று மனைவி குரல் கொடுத்தாள். எழுந்து போனேன். துணிகளை எடுத்து மடித்து வைத்தேன். பால்கனிக் கதவைச் சாத்தும்போது எதிரே உண்மையான மலை தெரிந்தது. உச்சி மேகத்துக்குள் இருந்தது.

நான் திரும்பி வந்தபோது விமானம் இன்னும் இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. நகரத்தின் ஓட்டுக் கூரைகள் இடது ஜன்னலில் மெதுவாகச் சுழன்றன. வட்டமடித்துப் பழகுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். தேர்வுக்கு அதெல்லாம் கேட்பார்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். என்ன திருப்பம் அது. கொஞ்சமும் ஆட்டம் இல்லை. அடிவானம் கோடு போட்டதுபோல ஒரே சாய்வில் நின்றது. இறக்கை உயரவும் இல்லை, தாழவும் இல்லை. எழும்பும்போது அப்படித் தடுமாறிய கை எப்படி இவ்வளவு சீக்கிரம் அடங்கியது என்று வியந்தேன். பெருமையாக இருந்தது. அதைத்தான் என்னால் இப்போதும் தாங்க முடியவில்லை. அந்த நேரத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது.

மனைவியைக் கூப்பிட்டேன். "இங்க வந்து பாரேன். எவ்வளவு நிதானமா திருப்புறா."

அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து என் பின்னால் நின்றாள். நகரம் விலகியது. முன்கண்ணாடியில் தண்ணீர்மலைப் பக்கத்துப் பச்சை வந்தது. நான் கும்பிட்டேன். இப்போது மேலே ஏறுவாள் என்று காத்திருந்தேன். ஏறவில்லை. பச்சை பெரிதாகிக்கொண்டே வந்தது. மரங்கள் தனித்தனியாகத் தெரிந்தன. திரைதான் என்று தெரிந்தும் நான் கால்களைத் தரையில் ஊன்றிப் பின்னால் சாய்ந்தேன்.

இடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இடித்தால் படம் அணைந்து, விமானம் மறுபடி ஓடுதளத்தில் வந்து நிற்கும். முதல் மாதங்களில் எத்தனையோ முறை பார்த்தது. இது இடிக்கவில்லை. மூன்று ஜன்னல்களும் மலைக்குள் நுழைந்தன.

மலைக்குள்ளே ஒன்றும் இல்லை. அதற்கு வெளித்தோல் மட்டும்தான். உள்பக்கத்தை யாரும் வரைந்து வைக்கவில்லை. மண்ணும் இல்லை, பாறையும் இல்லை, இருட்டும் இல்லை. எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாத ஒரு வெளுத்த வெளிச்சம் நாலாபுறமும் இருந்தது. தலைக்கு மேலே மரங்கள் வேரில்லாமல் அந்தரத்தில் நின்றன. அவற்றின் அடிப்பாகத்தை நாங்கள் கீழிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். தூரத்தில், மலை இருந்திருக்க வேண்டிய இடத்தின் வழியாகக் கடல் தெரிந்தது. விமானம் அதே சாய்வில், அதே நிதானத்தில் திரும்பிக்கொண்டே இருந்தது. பிறகு பச்சை ஒருமுறை பளிச்சிட்டு மறைந்தது. மறுபடி வெயில், மறுபடி கூரைகள், ஜார்ஜ் டவுன்.

என் மனைவியின் கை என் தோளில் இருந்தது. நகம் அழுந்தியது.

"என்னங்க அது?"

யாரும் ஓட்டவில்லை என்று நான் சொல்லவில்லை. தலையிலிருந்து சேதி வரவில்லை என்று சொன்னேன். அதற்குள் நானே அதைப் புரிந்துகொண்டிருந்தேன். இடித்தோமா என்று கணக்குப் பார்க்கத் தலை இல்லை, அதனால்தான் இடிக்காமல் உள்ளே போனது. ஓட்டுகிற மனிதக் கை ஓரிடத்தில் நிற்காது. எவ்வளவு தேர்ந்த கையானாலும் கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும், அடிவானம் துளியாவது நடுங்கும். இவ்வளவு நேரம் நான் பார்த்துப் பூரித்தது கை எடுக்கப்பட்ட விமானத்தை. நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அது எத்தனை முறை அந்த மலைக்குள் போய் வந்தது என்று எனக்குத் தெரியாது.

லைன் போயிருக்கும், விடுங்கள் என்றாள் மனைவி. கேட்பதற்கு உறுதியாக இருந்தது. ஆனால் கை என் தோளிலிருந்து எடுபடவில்லை. குனிந்து பார்த்தேன். எங்கள் வீட்டு இணையப் பெட்டியில் எல்லா விளக்குகளும் பச்சையாக எரிந்தன. கணினிகளை இணைக்கும் சின்னப் பெட்டியிலும் விளக்குகள் சுறுசுறுப்பாகச் சிமிட்டின. எங்கள் பக்கம் எல்லாம் சரி. அறுந்தது அந்தப் பக்கம்.

மகளை அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அழைத்தேன். இணைப்புப் போயிருந்தால் அவளே தகவல் அனுப்புவாள், அதுதான் வழக்கம். எதுவும் வரவில்லை. வார்டனின் எண் என் தொலைபேசியில் இருந்தது. அழைக்க மாட்டேன் என்ற சத்தியமும் இருந்தது. அடுத்த வாரம் அவளுக்குத் தனியாகத் தொலைதூரம் பறக்கும் தேர்வு. அதற்கு முன் நான் இன்னொரு முறை அவளைச் சிரிப்புக்கு ஆளாக்கினால் அவள் என்னோடு பேசமாட்டாள். அவள் குளிக்கப் போயிருக்கலாம். தூங்கிப்போயிருக்கலாம். நாங்கள் இருவரும் நின்றபடியே திரையைப் பார்த்தோம். மறுபடி பச்சை வந்தது. மறுபடி உள்ளே போனோம். அந்த வெளுத்த வெளிச்சம் மனைவியின் முகத்தில் விழுந்தது. அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

"ஃபோன் பண்ணுங்க," என்றாள். "திட்டினா திட்டட்டும்லா."

வார்டன் எடுக்கவில்லை. அறைத்தோழியை அழைத்தேன். பின்னால் கூட்டத்தின் சத்தம் கேட்டது. பாசாரில் காய்கறி வாங்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். நான் என்ன சொன்னேன் என்று எனக்கு முழுவதும் ஞாபகம் இல்லை. மகள் ஃபோனை எடுக்கவில்லை, கொஞ்சம் போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அவள் கூட்டத்தின் சத்தத்திலிருந்து விலகி வந்து பேசினாள்.

"அங்கிள், சொல்லக் கூடாதுன்னு சொன்னா. மூணு நாளா காய்ச்சல். டாக்டர்கிட்ட போனா பறக்க விடமாட்டாங்கன்னு பனடோல் மாத்திரையா போட்டுக்கிட்டே இருக்கா. நான் இப்பவே போறேன்."

அவள் தொலைபேசியை வைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறாள். மோட்டார் சைக்கிள் சத்தம், காற்று, படிக்கட்டில் செருப்பு சத்தம். பிறகு கதவைத் தட்டும் சத்தம். அவள் என் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மறுபடி தட்டினாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது என்றாள். யாரோ ஓடிவந்தார்கள், மலாயில் பேசினார்கள், எதையோ வைத்து நெம்பினார்கள். இங்கே என் முன்னால் விமானம் நகரத்தைத் தாண்டிப் பச்சையை நோக்கி வந்துகொண்டிருந்தது. அது மறுபடி மலைக்குள் போவதற்கு முன்னால் அந்தக் கதவு திறக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. படித்தவன் நான். அந்தத் திரைக்கும் அந்தக் கதவுக்கும் சம்பந்தமே இல்லை என்று எனக்குத் தெரியும்.

விமானம் உள்ளே போனது. கதவு திறந்த சத்தம் மலைக்குள் இருக்கும்போதுதான் கேட்டது.

நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவில் கிடந்தாளாம். காதில் ஹெட்போன் அப்படியே இருந்ததாம். விழும்போது கேபிள் இழுத்து மடிக்கணினி கீழே விழுந்து அணைந்திருக்கிறது. உடம்பு ஜில்லென்று இருந்திருக்கிறது; காய்ச்சல் இறங்கிவிட்டது, நல்லதுதானே என்று அறைத்தோழி நினைத்தாளாம். இல்லை என்று மருத்துவமனையில் சொன்னார்கள். டெங்கி. காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரமாம். ரத்த அழுத்தம் அடியோடு இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கழித்துக் கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த மாலையில் எங்களுக்குத் தெரிந்தது, உயிர் இருக்கிறது, ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார்கள் என்பது மட்டும்தான். அன்று மாலையே கிழக்குக் கரைக்கு ஒரு சிறிய விமானம் இருந்தது. பஸ்ஸில் போனால் விடிந்துவிடும். மனைவி என்னிடம் கேட்கவே இல்லை. இரண்டு டிக்கெட் எடுத்தாள்.

கிளம்பும்போது அந்த அறையை அணைத்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே போனேன். மின்பொத்தானில் கை வைத்தேன். மூன்று ஜன்னல்களிலும் நகரம் சுழன்றுகொண்டிருந்தது.

"அணைக்காதீங்க," என்றாள் மனைவி. அவள் அறைக்குள் வரவில்லை. கூடத்தில், கையில் பையோடு, முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். செவ்வாய்க்கிழமை நகம் வெட்டினால் என்ன என்று தன் மாமியாரிடம் வாதாடியவள் அவள். "அவ கண்ணு முழிக்கட்டும். அப்புறம் அணைக்கலாம்."

நான் கையை எடுத்துக்கொண்டேன். வீட்டைப் பூட்டினோம்.

என் வாழ்க்கையின் முதல் விமானப் பயணத்தில் நான் பயப்படவில்லை. பயப்படுவதற்கு எனக்குள் இடம் இல்லை. மழை விட்டிருந்தது. ஓடுதளத்திலிருந்து எழும்பி வடக்கே போனோம். ஜன்னலோரம் நான்தான் உட்கார்ந்திருந்தேன், இடது பக்கம். பாயான் பாரு அடுக்குமாடிகள் வரிசையாக வந்தன. எங்கள் கட்டடத்தைக் கண்டுபிடித்தேன். வெள்ளை இல்லை, மஞ்சள். அதற்குள்ளே, பூட்டிய வீட்டில், கடைசி அறையில், இன்னொரு விமானம் வட்டமடித்துக்கொண்டிருந்தது. நான் இறக்கை முனையையே பார்த்தேன். அது நடுங்கியது. கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே, ஒரு நொடிகூடச் சும்மா இல்லை. முன்னால் யாரோ ஒருவர் கையில் அது இருந்தது. மூச்சு வந்தது எனக்கு.

மகள் மறுநாள் கண் விழித்தாள். கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது, உதடு வெடித்திருந்தது. அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தேர்வைப் பற்றித்தான் கேட்பாள் என்று நினைத்தேன்.

"மலைக்குள்ள ஒண்ணுமே இல்லப்பா," என்றாள். "வெளிச்சமா இருக்கு. காலியா."

பிறகு மறுபடி தூங்கிவிட்டாள்.

நாங்கள் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. வெளியே நடைபாதையில் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள். ஈப்போப் பெண்ணிடம் நீங்கள்தான் ஃபோனில் உளறியிருப்பீர்கள், அவள் ஆம்புலன்சில் இவள் காதருகே சொல்லியிருப்பாள் என்றாள். இருக்கலாம். அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "ஞாபகம் இல்ல அங்கிள், நீங்க என்னென்னமோ சொன்னீங்க," என்றாள். நானும் என்னென்னவோ சொல்லியிருப்பேன். ஒருவேளை மகளே முன்பு எப்போதாவது விளையாட்டில் மலைக்குள் மாட்டிக்கொண்டு அதைப் பார்த்திருக்கலாம். பிற்பாடு அவளிடமே கேட்டபோது, அப்படி ஏதும் சொன்னதாகத் தனக்கு நினைவில்லை என்றாள். சோதனைப் பிரிவில் இருப்பவனுக்குக் காரணங்களுக்கா பஞ்சம்? எந்தக் காரணத்தை எடுத்தாலும் ஏதோ ஒரு மூலையில் உதைக்கிறது. அதற்கு மேல் நான் தோண்டவில்லை.

ஓய்வுக்காக அவளை வீட்டுக்கு அழைத்து வந்தோம். கதவைத் திறந்ததும் அந்த அறையிலிருந்து கணினிகளுக்குள் சுழலும் விசிறிகளின் இரைச்சல் கேட்டது. அவள் கண் விழித்த பிறகு அணைக்கலாம் என்று மனைவி சொல்லியிருந்தாள். அணைக்கத்தான் யாரும் இங்கே இருக்கவில்லை. அறை அனலாக இருந்தது. விமானம் இன்னும் பறந்துகொண்டிருந்தது. நாங்கள் மூவரும் கதவருகில் நின்றோம். கூரைகள் சுழன்றன, பச்சை வந்தது, பெரிதானது. நான் திரையைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தேன். மலை நெருங்கியபோது அவள் கண்களை மூடிக்கொண்டாள். வெளியே வந்த பிறகு, யாரும் சொல்லாமலே, சரியாகத் திறந்தாள்.

பிறகு கார் இருக்கையில் உட்கார்ந்து, ஓரம் நசுங்கிய தன் மடிக்கணினியைத் திறந்து, நீலக் கேபிளைச் செருகினாள். தலை பேசியது. மூன்று ஜன்னல்களும் ஒருமுறை உதறிக்கொண்டன. நகரம் மறைந்து, பாயான் லெப்பாஸ் ஓடுதளம் வந்து நின்றது. அத்தனை நாளாக அந்தரத்தில் சுற்றியது ஒரே நொடியில் தரைக்கு வந்துவிட்டது. என் மனைவி கூடத்துக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழுதாள்.

மகள் அந்தப் பழைய மாற்றத்தைத் தேடிப் பிடித்தாள்.

"இதை எடுத்திடுறேன்பா. இனிமே லைன் போனா நிக்கட்டும்."

"நின்னா நான் ஃபோன் பண்ணுவேனே."

"பண்ணுங்க."

"நீ எடுக்காட்டி?"

அவள் அந்த மாற்றத்தை அழித்தாள். "வார்டனுக்குப் பண்ணுங்க. டவர் இல்லாம யாரு பறக்குறா," என்றாள்.

அவள் திரும்பிப் போய்விட்டாள். தேர்வைத் தள்ளி வைத்துக் கொடுத்தார்கள்; தேறிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி பறக்கிறோம். இணைப்பு அறுந்தால் ஜன்னல்கள் உறைகின்றன, நான் அழைக்கிறேன், அவள் எடுத்து, "இருக்கேன்பா," என்று சொல்லி வைக்கிறாள். உறைவதைப் பற்றி எனக்கு இப்போது அவ்வளவு பயம் இல்லை. எனக்குப் பயம் நிதானத்தின் மீதுதான். அவள் கை தேர்ந்துகொண்டே வருகிறது. எந்தத் தகப்பனும் சந்தோஷப்பட வேண்டிய விஷயம். நான் பாலத்தையும் பார்ப்பதில்லை, தண்ணீர்மலைக்குக் கும்பிடவும் மறந்துவிடுகிறேன். அடிவானத்தின் கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், அது நடுங்குகிறதா என்று.

போன வாரம் நகரத்தின் மேல் திரும்பும்போது கோடு நின்றுவிட்டது. துளி ஆட்டம் இல்லை. கூரைகள் சீராகச் சுழன்றன. கதவருகில் என் மனைவி எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை.

"ஆட்டச் சொல்லுங்க," என்றாள் மெதுவாக.

நான் தொலைபேசியை எடுத்தேன். ஓர் எழுத்தைத் தட்டுவதற்கு முன்னாலேயே, இடது ஜன்னலில், வீட்டின் மேல் வழக்கமாகச் செய்வதுபோல, இறக்கை ஒருமுறை தாழ்ந்து நிமிர்ந்தது. அங்கே எங்கள் வீடு இல்லை. கீழே வெறும் கூரைகள்தான் இருந்தன.